மேலே என்றால் மேலே இல்லை

சந்தேஷ் ஆலே முதல் வருடம் தேர்வில் விழுந்தது ஒரே ஒரு கேள்வியால்தான் என்று நேபாளத்தின் பொகராவில் எங்கள் பயிற்சி நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. எழுத்துத் தேர்விலும் அவன் மதிப்பெண் சுமார்தான். ஆனால் சிரிப்பதற்கு அந்தக் கேள்விதான் வசதியாக இருந்தது.

பிரிட்டிஷ் படைக்கு கூர்க்கா ஆள் எடுக்கும் கேம்ப் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். மலை மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பையன்கள் வருவார்கள். எடுப்பது சில நூறு பேரைத்தான். ஓட வேண்டும், கம்பியில் தொங்கி எழ வேண்டும், டோகோ என்கிற மூங்கில் கூடையில் மணலை நிரப்பி நெற்றிப் பட்டையில் தாங்கி மலையேற வேண்டும். அப்புறம் கணக்கு, ஆங்கிலம், நேர்முகம். சந்தேஷ் அந்த வருடம் டோகோ ஓட்டத்தில் தன் குழுவில் முதலாவதாக வந்தவன். உச்சியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கீழே தவழ்ந்து வருகிறவர்களுக்குக் கைதட்டிக்கொண்டு நின்றானாம்.

நேர்முகத்தில் வெள்ளைக்கார அதிகாரி சிரித்த முகத்தோடு, "ஹூ ப்ராட் யூ அப்?" என்று கேட்டார். உன்னை வளர்த்தது யார் என்று அர்த்தம். சந்தேஷுக்கு ப்ராட் தெரியும், கொண்டுவந்தது. அப் தெரியும், மேலே. கேம்ப் வாசலோ மேட்டில் இருக்கிறது. உன்னை மேலே கொண்டுவந்தது யார்?

"மைக்ரோபஸ், சார்," என்றான்.

அதிகாரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடி கேட்டார். சரியாகக் காதில் விழவில்லை போல என்று நினைத்து, சந்தேஷ் இன்னும் உரக்கச் சொன்னான்: "பேனி டு பொகரா, மைக்ரோபஸ், சார். ஃப்ரம் தேர், வாக்கிங்."

அதோடு அவனுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் அடுத்த வருடம்தான் லம்ஜுங்கிலிருந்து பயிற்சிக்கு வந்தேன். எனக்குக் கிடைத்த அறையில் இன்னொரு கட்டில் அவனுடையது. அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு; அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும். நான் இங்கிலீஷ் போர்டிங் பள்ளியில் படித்தவன், ஆங்கிலத்தில் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் டோகோவிடம்தான். பாதி மலையில் என் முழங்கால் நடுங்கத் தொடங்கிவிடும். அப்பா இந்தியப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் அதைவிடப் பெரிய படைக்குப் போக வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்திலேயே நான் அந்தக் கேலியைக் கேட்டேன். ஸ்யாங்ஜாவிலிருந்து வந்த பிபேக் தாபா என்கிற நெட்டைப் பையன் தட்டோடு வந்து நின்று, "டேய் மைக்ரோபஸ், ஒரு சீட் இருக்கா?" என்றான்.

"உள்ள ஃபுல். கூரையில ஏறிக்கோ," என்றான் சந்தேஷ், பருப்பும் சோறும் பிசைந்த கையை நிறுத்தாமல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் வேறு மாதிரி பேசினான்.

"தோத்ததுக்குக்கூட நான் வருத்தப்படலடா. உன்னை வளர்த்தது யாருன்னு ஒரு மனுஷன் கேக்கறான். நான் ஒரு வண்டி பேரைச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவனை வளர்த்தது அவன் சித்தி. அம்மா அவனுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா கத்தாருக்குப் போய், திரும்பி வந்து, காத்மாண்டுவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். சித்தி முஸ்தாங் போகும் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். ஜீப்காரர்களுக்கு பருப்புச் சோறு போட்டு, தன் இரண்டு பெண்களோடு இவனையும் ஆளாக்கினாள்.

"வீட்டுக்குப் போனதும் சித்தி என்ன கேட்டாங்க?"

"என்ன கேள்வி கேட்டாங்கன்னு கேட்டா. ஊர் பேர் கேட்டாங்க, சொன்னேன்னு சொல்லிட்டேன்."

எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தது ரஸ்மிலா மிஸ். எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. அந்த வருடம் அவர் முதல் வாரமே கரும்பலகையில் அப், டவுன், இன், அவுட், ஆஃப், ஆன், ஓவர் என்று சின்னச் சின்ன வார்த்தைகளாக எழுதிப் போட்டார்.

"இதெல்லாம் ஒண்ணாங்கிளாஸ் வார்த்தைன்னு நினைக்காதீங்க. ஒரு வினையோட போய் ஒட்டிக்கிட்டா அர்த்தம் மொத்தமா மாறிடும். வெள்ளைக்காரங்க பேசறதே இதுலதான். கான்டினியூன்னு சொல்ல மாட்டாங்க, கேரி ஆன்னுதான் சொல்லுவாங்க. போஸ்ட்போன் இல்ல, புட் ஆஃப். இது தெரியாம நேர்முகத்துக்குப் போனா என்ன ஆகும்னு நம்மகிட்டயே ஒரு உதாரணம் இருக்கு."

யாரோ பின்னால் பஸ் ஹாரன் மாதிரி குரல் கொடுத்தார்கள். சந்தேஷ் திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கினான்.

"மிஸ், கிவ்னா கொடு. அப்னா மேல. மேல கொடுத்தா எப்படி மிஸ் முயற்சியை விட்டுடறதாகும்?"

"ஆகும். எழுதிக்கோ."

"அப்போ கிவ் இன்?"

"பணிஞ்சு போறது. கிட்டத்தட்ட அதுவும் விட்டுடறதுதான்."

"கிவ் அவுட்?"

"நோட்டீஸ் கொடுக்கிற மாதிரி எல்லாருக்கும் கொடுக்கறது. இல்லேன்னா, கால் தளர்ந்து நின்னு போறது."

"மேல கொடுத்தாலும் போச்சு, உள்ள கொடுத்தாலும் போச்சு, வெளிய கொடுத்தாலும் கால் போச்சு. பேசாம கொடுக்காமலே இருந்திருக்கலாம் மிஸ்."

மிஸ்ஸே சிரித்துவிட்டார். ஆனால் அவன் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அன்று முழுக்க வரிசை வரிசையாக எழுதி உருப்போட்டான். அறையில் உலாத்திக்கொண்டே கோவில் மந்திரம் போலச் சொல்வான். மறுநாள் கேட்டால் புட் ஆஃப்பும் புட் அவுட்டும் புட் ஆனும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். விளக்கை அணைக்கச் சொன்னால் ஒத்திப்போடுவான், சட்டையைப் போடச் சொன்னால் அணைப்பான்.

மழைக்காலத்தில் ஒரு வகுப்புத் தேர்வு வந்தது. மழை காரணமாக ஆட்டம் கால்ட் ஆஃப் ஆனது என்று ஒரு வாக்கியம், அதற்கு எங்கள் மொழியில் பொருள் எழுத வேண்டும். ஆட்டம் கைவிடப்பட்டது என்பதுதான் விடை. சந்தேஷ், மழை பெய்ததால் ஆட்டக்காரர்களைத் தூரத்தில் நின்று கூப்பிட்டார்கள் என்று எழுதியிருந்தான். மிஸ் அதைப் படித்துவிட்டு சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மிஸ் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. பிபேக் பெஞ்சில் ஏறி நின்று, வாயைக் கையால் குவித்துக்கொண்டு, "ஓய், ஆட்டக்காரங்களா, வாங்கடா," என்று கூவினான். நானும் சிரித்தேன்.

சந்தேஷ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். மறுநாள் காலை ஓட்டத்துக்கு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த அவன் பையும் இல்லை.

அடுத்த நாள் மாலை சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு அவனாகவே வந்தான். தொப்பலாக நனைந்திருந்தான். பையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"எங்கடா போனே?"

"மேன்பவர் ஆபீசுக்கு. மலேசியாவுல கம்பெனி வாசல்ல காவல் வேலை. பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டேன்."

"கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டுத் திரும்பவும் வாங்கிட்டு வந்துட்டேன். கேளு. எல்லாம் பேசி முடிச்சாச்சு. கடைசியா நான்தான் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம கேட்டேன், அண்ணே, எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, பரவாயில்லையான்னு. அந்த ஆளு வெத்தலையைத் துப்பிட்டுச் சொல்றான், தம்பி, உனக்கெதுக்கு இங்கிலீஷ், கெட் இன், கெட் அவுட் ரெண்டு தெரிஞ்சாப் போதும், கேட்டைத் திறந்து மூடற வேலைதானேன்னு."

"சரிதானே சொன்னான்."

"சரிதான். அதான் எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ரெண்டு போதுமாம். எனக்கு யாரு அளவு வெக்கறது? பாஸ்போர்ட்டைக் கொடுங்கன்னேன். ஏன்னு கேட்டான். எனக்கு இன்னும் நிறைய வேணும்னேன். அவனுக்கு ஒண்ணும் புரியல."

துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டான். பிறகு சொன்னான்: "அனுஜ், இந்த எழவெடுத்த சின்ன வார்த்தைங்களை நீ எனக்குப் புரியவை. நான் உன்னை மலையேத்திக் காட்டறேன். நீயும் அந்தக் காலை வெச்சுக்கிட்டுத் தனியாப் போய்ச் சேர மாட்டே."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பில் அவனே எழுந்து நின்று மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டான். மிஸ், "நான்தான் சிரிச்சிருக்கக் கூடாது, உக்காரு," என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

விடியற்காலையில் டோகோவோடு காஹுன் மலைப்பக்கம் போவோம். முதலில் நான் என் பள்ளிக்கூட வழியில்தான் சொல்லிக் கொடுத்தேன். வார்த்தை, அர்த்தம், ஒரு வாக்கியம். அது அவனிடம் நிற்கவில்லை. ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் நான் வழக்கம்போலப் பின்தங்கினேன். அவன் திரும்பி நின்று, "டேய், இப்ப நீ பண்றியே, இதுக்கு என்ன வார்த்தை?" என்றான்.

"ஃபாலிங் பிஹைண்ட்," என்றேன் மூச்சு வாங்க.

"நான் பண்றது?"

"வெயிட் பண்றே."

"அது இல்லடா. நீ என்னைப் புடிக்க வரணும், அது?"

"கேட்ச் அப்."

"சரி, கேட்ச் அப். வா."

அதற்குப் பிறகு வார்த்தைகளை நான் தேர்ந்தெடுக்கவில்லை, மலை தேர்ந்தெடுத்தது. கிளம்பும்போது செட் ஆஃப் என்பான். கூடையைத் தூக்கினால் பிக் அப். வேகம் குறைந்தால் ஸ்லோ டவுன். கூடவே ஓடினால் கீப் அப். தண்ணீர் தீர்ந்தால் ரன் அவுட். என் முழங்கால் நடுங்கும்போது, "கிவ் அவுட், கிவ் அவுட், இதுதானா அது," என்று கிட்டே வந்து குனிந்து பார்ப்பான். எனக்கு அவனை மிதிக்கலாம் போல இருக்கும். ஆனால் உடம்பால் செய்த வார்த்தை எதையும் அவன் மறக்கவில்லை.

கஷ்டம் எங்கே வந்ததென்றால், உடம்பால் செய்ய முடியாத வார்த்தைகளில். ஈட் அப் என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது. அதில் எங்கே மேலே? யூஸ் அப் என்றால் பயன்படுத்தித் தீர்ப்பது. அதில் எங்கே மேலே? அவன் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து முட்டிக்கொண்டு நின்றான்.

தசைன் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் மதியம் அவன் சித்தி போனில் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஐயோ என்றான், எப்போ என்றான், சரி அழாதே என்றான். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். முகம் வாடித்தான் இருந்தது, ஆனால் கண்ணில் என்னவோ ஓடியது.

"எருமை செத்துப் போச்சாம்."

"அடடா."

"அனுஜ், செத்தது சரி. எங்கடா போச்சு?"

எனக்குப் புரியவில்லை.

"செத்துப் போச்சுன்னு சொல்றோம். செத்தது எப்படி நடந்து போகும்? நேத்து நீ புத்தகத்தை வெச்சுக்கிட்டே தூங்கிப் போனே. எங்க போனே? கட்டில்லதான் கிடந்தே."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் எங்கள் வாயிலிருந்து வந்ததெல்லாம் வேடிக்கையாகத் தெரிந்தது. சொல்லிக் கொடு என்கிறோம், கையில் எதையும் கொடுப்பதில்லை. சொல்லித் தொலை என்கிறோம், எதுவும் தொலைவதில்லை. மறந்துவிட்டேன் என்கிறோம், எதை எங்கே விட்டோம்? பார்த்துக்கொள் என்றால் கொள்வதற்கு அங்கே என்ன இருக்கிறது? நாங்கள் பேசும் பேச்சு முழுக்க இப்படித்தான் வினைக்குப் பின்னால் இன்னொரு வார்த்தை ஒட்டிக்கொண்டு, தன் சொந்த அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தையாக இருந்தபோதிலிருந்து பேசுகிறோம், ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"அப்போ அப்புங்கறது மேல இல்லடா," என்றான் சந்தேஷ். அறையில் நடக்க ஆரம்பித்தான். "நாம தீர்த்துட்டான்னு சொல்றமே, அந்தத் தீர்த்து. சாப்பிட்டுத் தீர்த்தான், ஈட் அப். செலவழிச்சுத் தீர்த்தான், யூஸ் அப். அப்புறம் அந்த ஆன் இருக்கே, கேரி ஆன், கோ ஆன், கீப் ஆன். அது நம்ம செஞ்சுகிட்டே இருன்னு சொல்றமே, அந்தக் கிட்டே இரு. மேல உக்காரறது இல்ல."

"எருமைக்கு வருத்தப்படுடா முதல்ல."

"படறேன். நல்ல எருமை அது. சித்தி பாவம்." ஒரு நிமிடம் நின்றான். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ரஸ்மிலா மிஸ்ஸைத் தேடிப் போனான். நானும் போனேன்.

மிஸ் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவன் மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கே," என்றார். "கொஞ்ச தூரம் இது போகும். ஆனா புட் அப் வித்னு ஒண்ணு இருக்கே, சகிச்சுக்கறதுன்னு அர்த்தம். அதுக்கு என்ன சொல்லப் போறே? வெச்சுத் தீர்த்தியா?"

அவன் யோசித்தான். "தெரியல மிஸ்."

"எனக்கும் தெரியல. சிலதை யோசிச்சுப் பிடிக்கலாம். சிலதை அப்படியே முழுங்கத்தான் வேணும். ரெண்டும் பண்ணினாத்தான் பாஸாவே."

அவன் மறுக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் மலையில் யோசித்தான், மாலையில் அறையில் முழுங்கினான். முன்பு போல மந்திரமாக அல்ல. புரிந்தது எது, புரியாமல் விழுங்கியது எது என்று பிரித்து வைத்துக்கொண்டு, விழுங்கியதை மறுநாள் யார் மேலாவது பிரயோகிப்பான். குழம்பு உப்பாக இருந்தால் சமையல்கார அக்காவிடம், "ஐ புட் அப் வித் இட்," என்பான். அவள், "அப்பு வேணாம், இந்தா தயிர் ஊத்திக்கோ," என்பாள்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலையில் மலையடிவாரத்தில் பிபேக் டோகோவோடு நின்றிருந்தான்.

"என்ன?" என்றான் சந்தேஷ்.

"நானும் வரேன்." பிபேக் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "போன வாரத் தேர்வுல எனக்கு உன்னைவிடக் கம்மி."

சந்தேஷ் அவனை மேலும் கீழும் பார்த்தான். "சீட் இருக்கு. ஆனா வழியில தூங்கக் கூடாது," என்றான்.

தேர்வு பனிக்காலத்தில் வந்தது. எழுத்துத் தேர்வு முடிந்து வெளியே வந்த சந்தேஷிடம் "எப்படி?" என்றதற்கு, "எதிரியைப் பார்த்த மாதிரி இல்ல, தெரிஞ்சவங்களைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. சில பேர் மூஞ்சி மட்டும் ஞாபகம் வரல," என்றான்.

டோகோ ஓட்டத்தில் நான் அவனுக்குப் பின்னால் கிளம்பினேன். முதல் ஏற்றத்தில் நன்றாகவே போனேன். இரண்டாவது வளைவில் கால் நடுங்கத் தொடங்கியது. முன்பெல்லாம் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அன்று உட்காரவில்லை. நடந்தேன், கையை ஊன்றி ஏறினேன், கடைசி வளைவில் கூடையோடு விழுந்து மறுபடி எழுந்தேன். முடிவுக் கோட்டைத் தொட்டபோது நேரம் முடிந்து வெகு நேரமாகியிருக்கவில்லை. ஆனால் முடிந்திருந்தது. அங்கே நின்ற கூர்க்கா ஹவில்தார் என் மார்பிலிருந்த எண் துணியை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் வா தம்பி," என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சந்தேஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தோளில் கையை வைத்தான்.

நேர்முகத்தன்று நான் கேம்ப் வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடையில் காத்திருந்தேன். உள்ளே நடந்ததை அவன் அன்றே எனக்கு அப்படியே நடித்துக் காட்டினான்.

இந்த வருடம் கேள்வி கேட்டது ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் ஒரு கூர்க்கா கேப்டன். படிப்பு, ஊர், ஓட்டம் எல்லாம் கேட்டார்கள், பதில் சொன்னான். திடீரென்று அந்த அம்மாள், "வென் வேர் யூ லாஸ்ட் டோல்ட் ஆஃப்?" என்றார்.

டோல்ட் தெரியும், சொன்னது. ஆஃப் அவனுக்கு எத்தனையோ விதமாகத் தெரியும். நிறுத்துவது, தள்ளிப்போடுவது, கிளம்புவது. டோல்ட் ஆஃப் மட்டும் அவன் புரிந்துகொண்டதிலும் இல்லை, முழுங்கியதிலும் இல்லை. "வேர்த்துருச்சுடா," என்றான் என்னிடம். "ஊகிச்சு ஒண்ணு சொல்லிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. போன வருஷமும் இப்படித்தானே ஊகிச்சேன்."

அவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: மேடம், இந்த வார்த்தை எனக்குத் தெரியாது. விளக்கிச் சொல்லுங்கள், ஐ வில் பிக் இட் அப். கற்றுக்கொண்டுவிடுவேன் என்று அர்த்தம்.

கேப்டன் தலையைத் தூக்கிப் பார்த்தாராம். அந்த அம்மாள், திட்டு வாங்குவதுதான் டோல்ட் ஆஃப் என்று விளக்கினார். சந்தேஷுக்கு உடனே பதில் கிடைத்துவிட்டது.

"போன வாரம், மேடம். காஹுன் மலையில் ஒரு அம்மா திட்டினார். நாங்கள் விடியற்காலையில் ஓடிக்கொண்டே ஆங்கில வார்த்தைகளைச் சத்தம் போட்டுச் சொன்னோம். அவர் ஆடு ரேன் அவே."

"ஆடு கிடைத்ததா?"

"நாங்கள் செட் ஆஃப், மேடம். தேடிப் பிடித்து, ப்ராட் இட் பேக். ஆனாலும் அவர் கேரிட் ஆன் திட்டிங்."

கடைசி வார்த்தை எங்கள் மொழி. அவசரத்தில் வந்துவிட்டது. கேப்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அந்த அம்மாளுக்கு மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் அடக்கவில்லை, வாய்விட்டே சிரித்தாராம். ஆடு ஓடியது நிஜம்தான். திட்டில் பாதி எனக்கும் கிடைத்தது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, டீ ஆறிப் போயிருந்ததைக் கவனிக்காமல் குடித்தான்.

"ஒரு விஷயம் தெரியுமா? சித்தியைப் பத்தி அந்தக் கேள்வியைக் கேக்கவே இல்லடா. ஒரு பக்கத்துக்குப் பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன்."

"சித்திகிட்டயே சொல்லிடு."

"அவளுக்கு எதுக்கு? அவதானே வளர்த்தா, அவளுக்குத் தெரியாதா?"

முடிவு சொன்ன அன்று மைதானத்தில் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். வேலிக்கு வெளியே இருந்து எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு பக்கம் போகச் சொன்ன கூட்டத்தில் பிபேக்கின் நெட்டைத் தலை தெரிந்தது. அந்தக் கூட்டம் தலை குனிந்து வாசலை நோக்கி நடந்தது. சந்தேஷ் அதில் இல்லை. மைதானத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அசையாமல் நின்றான், அசைந்தால் வேறு யாராவது அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது போல.

சாயங்காலம் அவனுக்குப் போன் கொடுத்தார்கள். சித்தியிடம் தான் தேர்வானதைச் சொன்னான். அவள், "இரு இரு, ரெண்டு ஜீப் ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க, சோறு போட்டுட்டுக் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டாள். சொன்னபடியே கூப்பிட்டாள். ஆனால் அப்போது அவளுக்குப் பேச்சு வரவில்லை. இவன்தான் எருமை வாங்குவதைப் பற்றியும் கூரையை மாற்றுவதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தானாம்.

நான் அடுத்த வருடம் மறுபடி போனேன். டோகோவை நேரத்துக்குள் உச்சியில் இறக்கி வைத்தேன். ஹவில்தார் அதே இடத்தில் நின்றிருந்தார், என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் என்னைவிட நன்றாக ஓடியவர்கள் அந்த வருடம் நிறையப் பேர். என்னை எடுக்கவில்லை. அப்பா சில மாதம் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினார். இப்போது ரஸ்மிலா மிஸ்ஸோடு சேர்ந்து நானும் அதே பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம் எடுக்கிறேன். பிபேக் கொரியாவுக்குப் போக மொழி படித்துக்கொண்டிருக்கிறான்.

சந்தேஷ் இங்கிலாந்தில் பயிற்சியில் சேர்ந்த முதல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

"இங்க ஒருத்தரும் மிஸ் மாதிரி பேசறதில்லடா. மழையில குழி தோண்டிட்டிருந்தோம். சார்ஜென்ட் வந்து பார்த்துட்டு, கிராக் ஆன்னு சொல்லிட்டுப் போறார். கிராக்னா விரிசல். குழியில எங்க விரிசல்னு நான் மண்வெட்டியை வெச்சுட்டுத் தேடறேன்."

"வேலையை விடாம செய்னு அர்த்தம்டா அது."

"இப்பத் தெரியும். அப்ப யாருக்குத் தெரியும்? பின்னாடியே ஓடிப் போய் நிறுத்திக் கேட்டேன்."

"திட்டலையா?"

"திட்டினார். திட்டினதுல இன்னும் ரெண்டு புதுசு வந்துச்சு," என்றான் சந்தேஷ். "அதுக்கும் என்ன அர்த்தம்னு கேட்டேன்."